கேட்காமல் எதையும் தொடாதவள்

"மாமா, ஒரு வாழைப்பழம் எடுத்துக்கட்டுமா?"

வாழைப்பழத்தைக் கடையிலிருந்து வாங்கி வந்ததே அவள்தான். மூன்று மாடி தூக்கி வந்ததும் அவள்தான், தட்டில் அடுக்கி வைத்ததும் அவள்தான். இருந்தும் சமையலறை வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு மாமனாரிடம் உத்தரவு கேட்டு நிற்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. தோளில் மூன்று மாதக் குழந்தை தூங்குகிறது.

"எடுத்துக்கோம்மா. என்னை எதுக்குக் கேக்குற? நான் என்ன வாழை மரமா?"

"சரி மாமா. ஸாரி மாமா."

"ஸாரி எதுக்கு?"

"கேட்டதுக்கு மாமா."

மாமனார் நெற்றியில் அடித்துக்கொள்வார். அதற்கும் அவள் ஒரு ஸாரி வைத்திருப்பாள்.

மாமனார் பெயிண்டர். நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் அடித்தவர். இப்போது முழங்கால் ஏணி ஏற மறுப்பதால் வீட்டோடு இருக்கிறார். மனைவி காலமாகி ஆறு வருஷம். மகன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் குடித்தனம். ஆக, வீட்டில் இவரும் மருமகளும் பேத்தியும். பேத்திக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தவர் இவர். படுத்த இடத்தைவிட்டு அசையாமல் ஒரு குரல் கொடுத்து வீட்டையே வேலை வாங்குகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மேஸ்திரி கொட்டாவி விட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. பால்காரரிடம் சொல்வார், கீழ்வீட்டு டீச்சரிடம் சொல்வார். எண் மாறி போன் செய்த ஒருவரிடம்கூட ஐந்து நிமிஷம் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷனும் பாவம், கேட்டுவிட்டு, "நல்லா வளரட்டும் சார்" என்று வைத்தார்.

பேத்தி விஷயத்தில் பெயிண்டருக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் விஷயத்தில்தான் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது.

கெட்டவள் என்றால் சண்டை போடலாம், சோம்பேறி என்றால் திட்டலாம். இவளை என்ன செய்வது? பல் தேய்க்கும் பிரஷ்ஷை எல்லோரும் வைக்கிற டம்ளரில் வைக்க மாட்டாள். தேய்த்து, உதறி, தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாள். அவளுக்கென்று பெயிண்டர் ஒரு அலமாரி செய்யச் சொல்லி, தன் கையாலேயே மூன்று கோட் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். வெண்ணெய் நிறம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் இன்றைக்கும் ஒரு போர்வையும் ஒரு குடையும் இருக்கின்றன. துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில், பையில். நாளைக் காலை ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நாலு வருஷம் இருந்தால், வழியனுப்ப நிற்கிறவனுக்குக் கால் வலிக்குமா வலிக்காதா?

எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு மாமா" என்பாள். ஒருநாள் பெயிண்டர் மறதியில் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். அவரே ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து ஓடினார். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு, "நல்லா இருந்துச்சு மாமா" என்றாள். மகன் ஒரு அளவு சின்னதாக ஷூ வாங்கி வந்தான். இரண்டு மாதம் போட்டாள். கட்டைவிரல் நகம் கறுத்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

"கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பழகிடும்னு நெனச்சேன் மாமா."

சண்டை போடாத ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது சுவரோடு பேசுகிற மாதிரி. சுவராவது வெடிப்பு விட்டுக் காட்டும், உள்ளே ஈரம் இருக்கிறது என்று.

இத்தனைக்கும் அவள் பூனை இல்லை. அதுதான் பெயிண்டருக்கு ஆறவே இல்லை. வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. சாமான்களைக் கட்டுவது, இறக்குவது, ஏற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'டேப் அக்கா' என்பார்கள். பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருப்பாள். மகன் அவளைப் பார்த்ததும் அந்தக் கம்பெனி லாரியில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வீடு காலியானதும் வெள்ளையடிக்க பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வாளியோடு போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்கக் காலியாகவில்லை. மூன்று கதவு வைத்த பெரிய அலமாரி ஒன்று மாடிப்படி வளைவில் சிக்கி நின்றது. நாலு தடியர்கள் அதைத் தாங்கிக்கொண்டு வியர்த்தார்கள். நாலு படி மேலே மருமகள் நின்றாள்.

"யாரும் அசையாதீங்க. நீ மட்டும் ஒரு அடி பின்னால. கீழ பாக்காத, என்னைப் பாரு. இப்ப தலைப்பக்கம் சாய்ங்க. இன்னும். கைப்பிடி இடிக்கும், முழங்கையை உள்ள இழு. ம், திரும்பு. மூச்சு விடு, யாரும் சாகல."

வீட்டுக்கார அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கினால் என்ன என்று ஆரம்பித்தார். மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க உள்ள போங்கம்மா. அலமாரி உங்களுது. இறக்குற வரைக்கும் படி என்னுது."

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அலமாரி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. பெயிண்டர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் அவரைக் கவனித்தாள். முகம் அப்படியே சுருங்கிப் பழைய முகமானது.

"வந்துட்டீங்களா மாமா? நான் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

அவள் கையில் இருந்தது அவளுடைய பாட்டில்.

அதே நாள் இன்னொன்றும் பார்த்தார். வீட்டுக்காரர் பழைய துணிகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் திணித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். மருமகள் ஒவ்வொரு பையாக அவிழ்த்து, துணிகளை மடித்து, பெட்டியில் அடுக்கினாள்.

"பழசுதானேம்மா, பையிலயே போகட்டுமே. பெட்டி வீணாகுது" என்றார் வீட்டுக்காரர்.

"துணி குப்பைப் பையில போகாது சார். பெட்டியிலதான் போகும்."

கம்பெனி முதலாளியம்மா இதற்காக அவளைப் பலமுறை கடிந்திருக்கிறார். அது ஒன்றில் மட்டும் அவள் யாருக்கும் ஸாரி சொன்னதில்லை. ஏன் என்று பெயிண்டர் கேட்டார். "சும்மா மாமா" என்றாள். கேட்டால் சொல்லிவிடுவாளா என்ன?

வளர்ந்த கதையையும் அப்படித்தான் ஒரு வரியில் முடிப்பாள். பெற்றவர்கள் இல்லை. ஆதரவற்ற பிள்ளைகளை அரசாங்கம் குடும்பங்களில் சேர்த்து வளர்க்கிற ஏற்பாட்டில் மூன்று வீடுகளில் வளர்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டாங்களாம்மா?"

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க மாமா."

உப்புச் சாப்பாட்டுக்குச் சொன்ன அதே குரல். பெயிண்டருக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யாரோ நல்ல மனசுக்காரர்கள், கேட்டதெல்லாம் கொடுத்து, கேட்காமல் எடுக்கக் கூடாது என்று கொஞ்சம் அதிகமாகவே மரியாதை கற்றுக் கொடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

குழந்தை பிறந்த பிறகு விஷயம் முற்றியது. விடுப்பு மூன்று மாதம். திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா தயார். தயார் என்றால் சும்மா இல்லை. பாட்டில் கழுவுகிற பிரஷ் முதல் சூடு பார்க்கிற கருவி வரை எல்லாவற்றையும் பெயிண்ட் டப்பா அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். ஆனால் மருமகள் தான் குளிக்கிற நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் குழந்தையை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறாள்.

ஒத்திகை பார்க்கலாம் என்று பெயிண்டரே யோசனை சொன்னார். "பத்து நிமிஷம் கடைக்குப் போயிட்டு வாம்மா." போனாள். நாலு நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"என்னம்மா?"

"கடை பூட்டியிருக்கு மாமா."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கடை திறந்திருக்கிறது. கடைக்காரர் கையை வேறு ஆட்டுகிறார்.

"பேசாம வேலையை விட்டுடட்டுமா மாமா?" என்று அன்று மாலை கேட்டாள். அதுவும் வாழைப்பழம் கேட்கிற குரலிலேயே.

படியில் நின்று நாலு தடியர்களை ஆட்டிவைத்தவளைப் பெயிண்டர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த வேலையும் போய்விட்டால் அவள் வாய் திறக்கிற இடம் என்று உலகத்தில் ஒன்று இருக்காது. அவரை நம்பிப் பிள்ளையைக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். அவள் கொடுக்க வேண்டுமே.

இந்த நேரத்தில்தான் பெரியவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார்.

தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மருமகள் குழந்தையோடு உள்ளே போனாள், பெயிண்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அறுபத்தைந்து வயதுக்கு ஒரு அம்மா. துவைத்துத் தேய்த்த உடுப்பு, மடியில் கைப்பை, வாய் நிறையச் சிரிப்பு. கதவிடுக்கில் தெரிந்த மருமகளைப் பார்த்து, "இது நம்ம புள்ளையாச்சே. ஏழு வயசுல வந்துச்சு எங்கிட்ட. பதினொண்ணு வரைக்கும் நான்தான் வளர்த்தேன்" என்றார்.

பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மேஸ்திரி பிறந்து மூன்று மாதம், அம்மா வழியில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூக்கு யார் மாதிரி என்று சண்டை போடக்கூட எதிர்க்கட்சியில் ஆள் இல்லை. இதோ, வளர்த்தவரே கிடைத்துவிட்டார். வீட்டு முகவரியைக் கொடுத்தார், போன் நம்பரைக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார். அந்த அம்மாவுக்கு டாக்டர் அழைப்பு வந்ததால் எழுந்து போய்விட்டார். மருமகளிடம் பெயிண்டர் மூச்சு விடவில்லை. திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று கணக்கு. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டதோடு, அதற்கு முகவரியும் எழுதிக் கொடுத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்தது. மகன் லாரியோடு வெளியூரில். பெயிண்டர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "யாரு வந்திருக்காங்க பாரு" என்றார், பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர் மாதிரி.

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற கை நின்றது.

"என்னடி, அடையாளம் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் குழந்தைக்கு ஒரு கவுன், பிளாஸ்டிக் உறையில். "குண்டாயிட்டியே. நல்ல எடத்துலதான் விழுந்திருக்கே."

மருமகள் உட்காரவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மாமனார் பக்கம் திரும்பி, "மாமா, அவங்களுக்குத் தண்ணி குடுக்கட்டுமா?" என்றாள். குரல் பாதி கிணற்றுக்குள் இருந்து வந்தது.

அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா? இன்னும் மறக்கல. கேக்காம எதையும் தொட மாட்டா. நான் பழக்குனது."

பெயிண்டரும் பாதி சிரித்தார். மீதிச் சிரிப்புக்குள் அந்த அம்மா தொடர்ந்துவிட்டார்.

"சும்மா வந்துடுச்சா? வந்த புதுசுல சோத்து அலமாரியத் திறந்து ரொட்டி எடுத்துட்டா. பூட்டுப் போட்டேன். பூட்டையும் பின்னால நெம்பப் பாத்தா. அப்புறம் குளியலறையில வச்சுத் தாழ்ப்பாள் போட்டேன், ரெண்டு நாள். தண்ணி இருக்குல்ல, சாகவா போறா? மூணாவது நாள் கதவைத் திறந்தா, வெளிய வரட்டுமான்னு கேட்டுட்டு வந்தா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும், பாருங்க, தங்கம். அதிகாரிங்க வந்து பாக்குறப்ப நல்ல கவுன் போட்டு நிறுத்தினா, நல்லாப் பாத்துக்கிறாங்கன்னு அதுவே சொல்லும். வந்தப்ப ஒரு கறுப்புக் குப்பைப் பையில துணி, அதான் அதோட சொத்து. போறப்பவும் ஒரு பை. ஆனா ஒழுக்கத்தோட போச்சு."

பெயிண்டர் நாலு வருஷமாக நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்த கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் வந்து நின்றன. எடுத்துக்கட்டுமா மாமா. குடிச்சுக்கட்டுமா மாமா. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மேஸ்திரி சிணுங்கி, அழுகையை ஆரம்பித்தாள்.

"அழ விடுடி. தூக்கித் தூக்கிக் கெடுக்காத. இப்பவே அடக்கி வச்சாத்தான் பின்னால வழிக்கு வரும். இங்க குடு, நான் நிறுத்திக் காட்டுறேன்." அந்த அம்மா எழுந்து கையை நீட்டிக் குழந்தையின் காலைப் பிடித்தார்.

"கையை எடுங்க."

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்துவிட்டார்களோ என்று. யாரும் வரவில்லை.

"என்னடி?"

"கையை எடுங்கன்னேன். ம். ஒரு அடி பின்னால வைங்க. இன்னொரு அடி. நாற்காலி இருக்கு, இடிச்சுக்காதீங்க. இடது பக்கமாத் திரும்புங்க."

அந்த அம்மா திரும்பினார். ஏன் திரும்பினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் குரல் மூன்று கதவு அலமாரியைத் திருப்பியிருக்கிறது.

"உன்னை வளர்த்தவ நான். சோறு போட்டிருக்கேன்டி உனக்கு…"

"பையை எடுத்துக்குங்க. கவுனையும் எடுத்துக்குங்க. கதவுக்கு மேல தாழ்வா இருக்கும், குனிஞ்சு போங்க. வெளிய வலது பக்கம் படி, கைப்பிடி ஆடும், பிடிக்காதீங்க. செவுத்தைப் பிடிச்சு இறங்குங்க. நான் ஒருத்தர் மேலயும் கை வைக்க மாட்டேன். நீங்களா போயிடுங்க."

அழுகிற குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் வழி காட்டிக்கொண்டே, அங்குலம் அங்குலமாக அந்த அம்மாவை வாசலுக்கு வெளியே இறக்கினாள். எங்கேயும் கீறல் விழவில்லை. பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களும்."

"நானா?"

"நீங்களும் வெளிய."

பெயிண்டர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

படி முகப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்து போயிருந்தது. "நன்றி கெட்டது. பாம்புக்குப் பால் வார்த்திருக்கேன். நீங்க பெரிய மனுஷன், கதவைத் தட்டி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க வீடுதானே இது?"

"அப்படித்தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் பெயிண்டர். "பாருங்க, நானே வெளியிலதான் நிக்கிறேன்."

"நீங்கதான என்னைக் கூப்பிட்டீங்க?"

"நான்தான். அந்தக் குத்தத்துக்குத்தான் நிக்கிறேன். நீங்க கெளம்புங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க. போன்லயும் வராதீங்க." அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நாளா அடைச்சு வச்சீங்க? ஏழு வயசுப் புள்ளையையா? உங்களுக்குச் சிரிப்பு வேற வருது."

அந்த அம்மா ஆடுகிற கைப்பிடியைப் பிடித்து, திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

கீழ்வீட்டு டீச்சர் காய்ந்த துணிகளோடு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்ன பெயிண்டரே, வாசல்ல நிக்கிறீங்க? சாவியைத் தொலைச்சுட்டீங்களா?"

"மருமக வெளிய தள்ளிட்டா."

"யாரு, அந்த வாயில்லாப் பூச்சியா?"

"வாயில்லையா? நாலு வருஷமா எங்க வச்சிருந்தான்னு தெரியல."

டீச்சர் சிரித்துக்கொண்டு போனார். பெயிண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. பை கட்டிலுக்கு அடியில்தானே இருக்கிறது. இத்தனை வருஷம் கட்டி வைத்தே இருந்த பை. ஐந்து நிமிஷத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தால், எந்த முகத்தோடு தடுப்பது? மகனுக்கு என்ன சொல்வது? மேஸ்திரி இல்லாத வீட்டில் அந்த பாட்டில் வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெற்ற மகனிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரையும் கேட்கத் தோன்றவில்லையே.

காலடி கதவருகே வந்து நின்றது. திறக்கவில்லை.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஒரு வாழைப்பழத்துக்கு நான் உங்களைக் கேக்குறேன். எம் புள்ளையை ஒருத்தருக்குக் காட்டுறதுக்கு நீங்க என்னைக் கேக்கல."

நல்லதென்று நினைத்துச் செய்தேன் என்று ஒரு பதில் பெயிண்டரின் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினார். அந்த அம்மாவும் நல்லதென்று நினைத்துத்தான் செய்ததாகச் சொல்வார்.

"தப்புத்தாம்மா."

"பெரிய தப்பு."

"ஆமாம்மா, பெரிய தப்பு."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"இன்னைக்கு இல்ல."

இந்த ஒரு கேள்விக்காக அவர் நாலு வருஷம் காத்திருந்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வாங்குகிறபோதுதான் வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. பை எதுவும் வாசலில் இல்லை. அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன, மேஸ்திரி அவள் தோளில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் உள்ளே வரவில்லை. அவள் பார்த்துவிட்டு, "வாங்க" என்ற பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

சோபாவின் ஒரு ஓரத்தில் அவர் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை.

"அவனுக்குத் தெரியுமாம்மா?"

"உங்க மகனுக்கா? எல்லாம் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பால்காரருக்குச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்பார். கொட்டாவிக்கே அந்தப் பாடு.

"இந்தப் புள்ளை அழுதா என்ன பண்ணுவீங்க?"

"தூக்குவேன்."

"தூக்கியும் அழுதா?"

"தூக்கிட்டே இருப்பேன். முட்டி வலிச்சா உக்காந்து தூக்குவேன்."

"யாராவது வந்து கதவைத் தட்டினா?"

"திறக்க மாட்டேன்."

"தெரிஞ்சவங்க, நல்லவங்க, வளர்த்தவங்கன்னு சொன்னா?"

"உன்னைக் கேப்பேன். நீ சரின்னாத்தான்."

"நான் போனை எடுக்கலைன்னா?"

"அவங்க படியிலயே நிக்கட்டும். நான் இன்னைக்கு நின்னேன்ல, ஒண்ணும் ஆகல."

அவள் உதடு ஓரம் ஒரு நொடி அசைந்தது. சிரிப்பா என்று அவர் பார்ப்பதற்குள் போய்விட்டது.

"நாளைக்கு எட்டு மணிக்கு லாரி கெளம்பும். நான் ஏழரைக்கு அங்க இருக்கணும்."

இந்த நேரத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று பெயிண்டருக்கே தெரிந்தது. நாற்பது வருஷ வேலையில், ஈரம் காயும் வரை சுவரைத் தொடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் முழுசாகக் கற்றது.

அவள் குனிந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். துணியைச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள். மேஸ்திரி தாத்தாவின் கட்டைவிரலைப் பிடித்து, இது போதாது என்பது போல் பார்த்தாள்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு" என்றாள் மருமகள்.

படுத்துக்கட்டுமா என்று அடுத்த வார்த்தை வரும் என்று பெயிண்டர் காத்திருந்தார். வரவில்லை. சோபாவின் மறுகோடியில் தலையணையைப் போட்டு, முகத்தைச் சாய்மானத்துப் பக்கம் திருப்பிப் படுத்தாள். பட்டப்பகலில், அவர் எதிரில் அவள் கண்ணை மூடி அவர் பார்த்ததே இல்லை. கால்களை நீட்டினாள். பாதங்கள் வந்து அவர் தொடையில் இடித்தன.

இடித்த பாதங்கள் பின்வாங்கவில்லை. ஒரு நிமிஷம் அங்கேயே இருந்தன. பிறகு குதிகாலால் அவரை ஒரு தள்ளு தள்ளின. இன்னொரு தள்ளு. பெயிண்டர் பேத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சோபாவின் கைப்பிடியோடு ஒட்டிப்போய் உட்கார்ந்தார். கால்கள் முழுசாக நீண்டன.